வாய் உத்தரவு வேண்டாம்; எழுதி ஒட்டு!

"நாளை முதல் நீ இன்னும் இரண்டு சைடு சேர்த்துப் பார்க்க வேண்டும்."

ஷிப்ட் முடிகிற நேரத்தில், ரிங் பிரேம் ஓசைக்கு நடுவே மேஸ்திரி சொல்லிவிட்டுப் போகிற சொல் இது. எத்தனை பஞ்சாலையில் எத்தனை பேர் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறோம்! "யார் உத்தரவு?" என்று கேட்டால், "மேலிடத்து உத்தரவு" என்பார். "எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டால், "எழுதிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயா?" என்பார். மறுநாள் நூல் அறுந்து உற்பத்தி குறைந்தால் மெமோ வரும். அந்த மெமோ மட்டும் எழுத்தில் வரும்!

இதுதான் நம் ஆலைகளில் நிர்வாகம் தொழிலாளியிடம் பேசுகிற முறை. வேலையைக் கூட்டுவது வாயால், தண்டிப்பது எழுத்தால். லாபம் வருகிற சொல்லுக்குச் சாட்சி கிடையாது. தொழிலாளியின் தலையில் விழுகிற சொல்லுக்கு மட்டும் நகல், தேதி, கையெழுத்து, முத்திரை எல்லாம் உண்டு.

சிரிக்கக் கற்றுத் தருகிறார்களாம்!

இப்போது நிர்வாகிகளுக்குப் பேச்சுப் பயிற்சி என்று ஒன்று பெரிதாக நடந்து வருகிறது. பெரிய ஓட்டல்களில் வகுப்பு வைத்து, தொழிலாளியிடம் எப்படிச் சிரித்துப் பேசுவது, எப்படித் தோளில் கை போடுவது, எப்படிக் "காது கொடுத்துக் கேட்பது" என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள். பயிற்சி முடித்து வருகிற மானேஜர், "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்கிறார். சில கம்பெனிகளில் தொழிலாளி என்ற பெயரையே எடுத்துவிட்டு "அசோசியேட்" என்று வைத்திருக்கிறார்கள்.

மரியாதையாகப் பேசுவது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது மிகவும் வேண்டும். தஞ்சை மண்ணில் பல் முளைத்துச் சில வருஷம்கூட ஆகாத மிராசுதார் வீட்டுப் பையன், தாத்தா வயதுப் பண்ணையாளை "அடே" என்று அழைத்த காலம் உண்டு. எதிர்த்து ஒரு சொல் சொன்னால் சவுக்கடி. அதற்கு மேலும் பேசினால் சாணிப்பால். 1940-களில் தோழர் பி.சீனிவாசராவ் போன்றோர் செங்கொடியின் கீழ் அந்த மக்களைத் திரட்டியபோது, கூலியோடு கூடவே எழுந்த முதல் கோரிக்கை மனிதனை மனிதனாக நடத்து என்பதுதான். ஆகவே வாய்ச்சொல்லின் மரியாதை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சவுக்கடியும் சாணிப்பாலும் காரியஸ்தருக்கு நல்ல புத்தி சொல்லிக் கொடுத்ததால் ஒழியவில்லை. பண்ணையாட்கள் சங்கமாகக் கூடி நின்றதால் ஒழிந்தன. சங்கம் வந்த பிறகுதான் காரியஸ்தருக்கு மரியாதையாகப் பேச வந்தது! இந்த வரிசையை மாற்றிச் சொல்லுகிறவர்களிடம் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

மேஸ்திரி மட்டும்தான் குற்றவாளியா?

தொழிலாளர்களில் பலர் மேஸ்திரியோடும் சூப்பர்வைசரோடும் கணக்குத் தீர்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. மேஸ்திரி கத்துவதற்கு முன்னால் அவரை யாரோ கத்தியிருக்கிறார்கள். காலை உற்பத்திக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு மானேஜர் அவரைக் குடைந்திருப்பார். மானேஜரை டைரக்டர்கள் குடைந்திருப்பார்கள். மாடிப்படியில் உருட்டிவிட்ட கல் படிக்குப் படி வேகம் பிடித்துக் கடைசிப்படியில் நிற்கிறவன் காலில் விழுகிறது.

மேஸ்திரியை வாய் உத்தரவுக்காரராக வைத்திருப்பது நிர்வாகத்துக்கு வசதி. தகராறு வந்தால், "நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை, மேஸ்திரி தப்பாகச் சொல்லிவிட்டார்" என்று கை கழுவலாம். எழுத்தில் உத்தரவு கேட்பது, ஒரு வகையில், மேஸ்திரியையும் காப்பாற்றுகிற கோரிக்கைதான். இதை அவரிடமே எடுத்துச் சொல்லுவோம்.

சொல்லாததால் செத்தவர்கள்

பேச்சு முறை என்பது ஏதோ மனத்தாங்கல் விஷயம், மனம் புண்பட்டால் ஆறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. உயிர் போகிற விஷயம் அது.

1911 மார்ச் 25 அன்று அமெரிக்காவின் நியூயார்க் நகரில் டிரையாங்கிள் சட்டை ஆலையில் தீப்பிடித்தது. ஆலை இருந்தது எட்டு, ஒன்பது, பத்தாவது மாடிகளில். தீ எட்டாவது மாடியில் தொடங்கியது. அங்கிருந்து பத்தாவது மாடிக்கு டெலிபோனில் செய்தி போயிற்று. பத்தாவது மாடியில் இருந்தது ஆபீஸ்; முதலாளிகளும் அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் கூரை வழியே தப்பினார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் செய்தி சொல்லவில்லை. எச்சரிக்கை மணியும் இல்லை. தையல் மெஷினில் குனிந்திருந்த பெண்களுக்குத் தீயே வந்து செய்தி சொல்லிற்று. ஒரு கதவு பூட்டிக் கிடந்தது. மொத்தம் 146 பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பலர் குடியேறி வந்த ஏழை வீட்டு இளம் பெண்கள்.

நூறு ஆண்டு கழிந்ததே, உலகம் திருந்தியதா? 2013 ஏப்ரல் 23 அன்று வங்கதேசத்தில் டாக்கா அருகே சாவர் என்ற ஊரில், ராணா பிளாசா கட்டிடத்தில் பெரிய விரிசல்கள் தெரிந்தன. கட்டிடத்தைக் காலி செய்தார்கள். கீழே இருந்த பாங்கு தன் ஊழியர்களை மறுநாள் வர வேண்டாம் என்றது. கடைகள் மூடிக் கிடந்தன. ஆனால் மேல் மாடிகளில் இருந்த ஆயத்த ஆடை ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே போகச் சொன்னார்கள். போக மறுத்தால் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டல். ஏப்ரல் 24 காலை கட்டிடம் தரைமட்டமாயிற்று. 1,100-க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பலியானார்கள்.

விரிசல் இருப்பது நிர்வாகிகளுக்குத் தெரியாதா? தெரியும். தொழிலாளிக்கும் தெரியும். அப்படியானால் அங்கே இல்லாமல் போனது எது? "இந்தக் கட்டிடத்துக்குள் நாங்கள் போகமாட்டோம்" என்று ஒரே குரலில் சொல்ல அங்கே தொழிலாளருக்குச் சங்கம் இல்லை. பாங்கு ஊழியனுக்குப் போன எச்சரிக்கை தையல்காரிக்குப் போகாததற்குக் காரணம், யாருக்கும் பேசத் தெரியாததல்ல. யாருடைய உயிருக்கு என்ன விலை என்ற கணக்கே காரணம்.

பேசியதே குற்றமாக இருந்த நாள்

நம் நாட்டுச் சரித்திரத்தையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பக்கத்து பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் முதலியோர் முன் நின்றனர். நடுப்பகலில் சோறு தின்ன நேரம் போதவில்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று. ஒரு கவளம் சோறு நிம்மதியாக இறங்குவதற்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது!

நிர்வாகம் என்ன செய்தது? தொழிலாளரிடம் பேசி அவர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார் என்று வாடியா மீது சென்னை ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. ஐகோர்ட்டும் தடை உத்தரவு கொடுத்தது. நிர்வாகம் தொழிலாளியிடம் எதையும் பேசலாம். தொழிலாளியிடம் சங்கத் தலைவர் பேசினால் குற்றம்! தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த சட்டம் 1926-ம் ஆண்டில்தான் வந்தது.

1921-ம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தம் முறிந்த பிறகு, 1922-ல் அதே ஆலை நிர்வாகம் ஒரு நலக் கமிட்டியை ஏற்படுத்தியது. தொழிலாளர் பிரதிநிதிகள் உட்கார்ந்து குறைகளைச் சொல்லலாம் என்றது. சங்கத்தோடு பேச மறுத்த வாய், தானே அமைத்த கமிட்டியோடு பேச முன்வந்தது. இந்தத் தந்திரம் அன்றோடு போய்விட்டதா?

2024 செப்டம்பர் 9 அன்று காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை, "எங்கள் சங்கத்தை ஒப்புக்கொண்டு அதோடு பேசு" என்பதே. நடுவில், அக்டோபர் மாதத்தில், வேறொரு தொழிலாளர் கமிட்டியோடு உடன்பாடு கண்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது. போராடிய தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. 37 நாள் நின்று, அக்டோபர் 15 அன்று போராட்டத்தை முடித்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. கமிட்டி ஒன்றோடு பேசுவதில் நிர்வாகத்துக்கு ஆட்சேபமில்லை. தொழிலாளி தானே தேர்ந்தெடுத்த நாக்கோடு பேசுவதில்தான் ஆட்சேபம்! நூறு ஆண்டுக்கு முன்னும் பின்னும் சண்டை இதுவேதான்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

வாய் உத்தரவு கூடாது என்பது நம் கற்பனை அல்ல. 1946-ம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், வேலை விதிகளை எழுதி, ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரிந்த மொழியிலும், அவர்கள் நுழைகிற வாசல் அருகே தனிப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றது. தொழிற்தகராறு சட்டத்தில் 1956-ல் செய்த திருத்தம், சம்பளம், வேலை நேரம், ஷிப்ட், லீவு போன்றவற்றை மாற்றுவதானால் 21 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும் என்றது. இவை சர்க்காரின் தயவால் வந்தவை அல்ல. தொழிலாளர் சிந்திய வியர்வையாலும் ரத்தத்தாலும் வந்தவை.

அந்தச் சட்டங்களை விழுங்கிய நான்கு தொழிலாளர் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தன. அவற்றை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் 2025 ஜூலை 9 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியும் மத்திய சர்க்கார் காது கொடுக்கவில்லை. நிலையாணை இப்போது முன்னூறு பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கே கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். அதாவது, சிறிய ஆலையில் வேலை விதி என்ன என்று எழுதி ஒட்ட வேண்டிய கடமை முதலாளிக்கு இல்லை. அவர் வாயில் வருவதே விதி!

இன்னொன்றைப் பாருங்கள். புதிய தொகுப்பின்படி எந்த ஆலையானாலும் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்ய 14 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். நாம் கேட்கிறோம்: தொழிலாளி வேலையை நிறுத்த 14 நாள் நோட்டீஸ் என்றால், நிர்வாகம் இரண்டு சைடைக் கூட்ட ஒரு வாய் வார்த்தை போதுமா? இது என்ன நியாயம்?

ஆனாலும் புதிய சட்டத்திலும் நாம் பிடித்துக்கொள்ளச் சில கொம்புகள் மிஞ்சியிருக்கின்றன. சேவை நிலைமையை மாற்ற 21 நாள் நோட்டீஸ் வேண்டும் என்பது இன்னும் உண்டு; ஒரு பகுதியில் ஆட்களைக் குறைப்பதும் அதில் அடங்கும். ஒவ்வொருவருக்கும் வேலை நியமனக் கடிதம் தர வேண்டும். சம்பளச் சீட்டு தர வேண்டும். இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர் கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் முதலாளி பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இவற்றைக் கேட்காமல் இருந்தால் இவையும் காகிதத்தோடு போய்விடும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் ஒன்றாகக் குரல் கொடுத்தன. மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. கேட்டால்தான் கிடைக்கும்; சேர்ந்து கேட்டால்தான் காதில் விழும்.

வயலிலும் இதே கதை

ஆலையில் மட்டும்தான் இப்படியா? வயலில் இறங்குகிற விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். நடவோ, களையோ, அறுப்போ, இன்றைக்குக் கூலி எவ்வளவு என்று கரையேறின பிறகு எத்தனை ஊரில் தெரியும்? "வேலையைப் பாருங்கள், பார்த்துத் தருகிறேன்" என்பார் பண்ணைக்காரர். சாயங்காலம் பார்த்துத் தருவார். அவர் பார்த்தது அவருடைய மடியைத்தான். விவசாய வேலைக்குச் சர்க்கார் அறிவித்த குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்பது எத்தனை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது?

பஞ்சாலைகளுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்த கதையும் இதுவே. "மூன்று வருஷம் வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம்" என்று கிராமத்துக்கு வந்த ஏஜெண்டு சொன்னது வாயால். அதை நம்பி ஏழைக் கூலி விவசாயி மகளை அனுப்பினான். மூன்று வருஷம் முடியும் முன்னே உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்த பெண்ணுக்கு அந்த வாய் என்ன பதில் சொல்லிற்று? ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் வேறு வேறல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வயலில் ஏமாற்றப்பட்டவன் மகள்தான் ஆலையில் ஏமாற்றப்படுகிறாள்.

நம் வீட்டையும் கூட்டுவோம்

நிர்வாகத்தைக் குறை சொன்னால் போதாது. நம் சங்கங்களிலும் இந்த நோய் கொஞ்சம் புகுந்திருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானதும் கேட் மீட்டிங்கில் பத்து நிமிஷத்தில் வாசித்துவிட்டு, கைதட்டச் சொல்லிப் போகிற தலைவர்கள் நம்மிடமும் இல்லையா? அந்த ஒப்பந்தத்தின் நகல் எத்தனை தொழிலாளி வீட்டில் இருக்கிறது? கூட்டத்தில் ஒரு பெண் தொழிலாளி எழுந்து கேள்வி கேட்டால், "உட்காரம்மா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லியதில்லையா?

இன்னொரு விஷயம். இன்று நம் பஞ்சாலைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பக்கத்துத் தொழிலாளர்கள் நிறைய வேலை செய்கிறார்கள். நிர்வாகம் அவர்களுக்கு விளங்காத மொழியில் நோட்டீஸ் ஒட்டுகிறது என்று நாம் கோபப்படுகிறோம். நம் துண்டுப் பிரசுரம் அவர்களுக்கு விளங்குகிறதா? கொத்தடிமை போல் கம்பெனி விடுதியில் அடைபட்டுக் கிடக்கிற அந்தச் சகோதரனிடம் அவன் மொழியில் நாலு வார்த்தை பேச நம்மில் எத்தனை பேர் கற்றுக்கொண்டோம்? நாம் அவனிடம் பேசாத வரை, அவனை நமக்கு எதிராக நிறுத்துவது நிர்வாகத்துக்குச் சுலபம்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: வேலைப்பளு, ஷிப்ட், கூலி எதை மாற்றினாலும் முன்கூட்டி எழுத்தில் சொல், தேதியும் கையெழுத்தும் போடு.

இரண்டு: நோட்டீஸ் தமிழில் வேண்டும், வேறு மொழித் தொழிலாளர் இருந்தால் அவர்கள் மொழியிலும் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்று: மெஷினிலோ, கட்டிடத்திலோ, மருந்திலோ ஆபத்து என்றால் முதலில் வேலை செய்கிறவனுக்குச் சொல். ஆபத்துள்ள இடத்திலிருந்து விலகுகிறவனைத் தண்டிக்காதே.

நான்கு: ஆணானாலும் பெண்ணானாலும் எந்தச் சாதியானாலும் தொழிலாளியை மரியாதையாக அழை.

ஐந்து: வயலில் இறங்கும் முன்பே கூலியைச் சொல், ஊர்ப் பொது இடத்தில் எழுதி வை.

ஆறு: தொழிலாளர் தேர்ந்தெடுத்த சங்கத்தோடு பேசு. உன் கைப்பொம்மையோடு பேசிவிட்டு எங்களோடு பேசியதாகச் சொல்லாதே.

இவை கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார், என்ன உத்தரவு சொன்னார் என்று எழுதுங்கள். பக்கத்தில் நின்ற இருவர் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர் எழுதத் தெரிந்தவரைக் கொண்டு எழுதுங்கள். செல்போனில் ராத்திரி வருகிற "நாளை வேலை இல்லை" என்ற செய்தியை அழித்துவிடாமல் வைத்திருங்கள். பிறகு சங்கத்தின் மூலம் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம்: "இன்ன தேதியில் இப்படி வாயால் சொல்லப்பட்டது. இது உங்கள் உத்தரவுதானா? எழுத்தில் பதில் தருக." ஒரு தொழிலாளி தனியே கேட்டால் அவனைக் குறிவைப்பார்கள். ஒரு ஷிப்ட் முழுவதும் கேட்டால் யாரைக் குறிவைப்பார்கள்?

இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தால், நம் கையில் சாட்சி. பதில் வராவிட்டால் அதுவும் சாட்சி. மறுநாள் மேஸ்திரி பிரேமுக்கு அருகில் வந்து நிற்கும்போது, "எழுதிக் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டாயா?" என்று கேட்கட்டும்.

"வந்துவிட்டோம்" என்று ஷிப்ட் முழுவதும் சொல்லட்டும்.